இடப்பக்கத்துத் தரைப்பெட்டி

ஜூன் 3, திங்கள்

புதுக் கோயிலில் இன்று வேலை ஆரம்பம். சுவரும் கூரையும் எப்போதோ முடிந்துவிட்டன. தரை மட்டும் மணலாகக் கிடந்தது. இப்போதுதான் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கியிருக்கிறார்கள். இனி பிளாஸ்டிக் தாள் விரித்து, கம்பி கட்டி, கம்பிக்கு நடுவே என் வயர்க் குழாய்களை ஓடவிட்டு, தரைப்பெட்டியை உட்கார வைத்து, அதற்கு மேல்தான் கான்கிரீட். போட்ட பிறகு ஞாபகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இதைச் சபைக் கமிட்டியில் பல தடவை சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தலையை ஆட்டுவதில் எங்கள் பூவன்விளைக் கமிட்டியை மிஞ்ச ஆள் கிடையாது.

தரைப்பெட்டி என்பது தரைக்குள் புதைந்து கிடக்கும் இரும்புப் பெட்டி. மேலே பித்தளை மூடி. மூடியைத் தூக்கினால் பிளக் பாயிண்டும் மைக் வயர் குத்தும் இடமும் இருக்கும். பாடகர் குழு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சுவர் இல்லை. பழைய கோயிலில் வயரைத் தரையோடு இழுத்து மேலே பாய் போட்டு வைத்திருந்தோம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் வருஷத்துக்கு ஒருவர் தடுக்கி விழுவார்.

துபாயில் இருக்கும் கனகசுந்தரம் இந்தப் பெட்டியைத் தன் தாயார் ஞாபகார்த்தமாக வாங்கிக் கொடுத்திருக்கிறான். மூடியில் அந்த அம்மாள் பெயர் வெட்டியிருக்கிறது. பெயரை ஜனங்கள் மிதிப்பார்களே என்று அவனுடைய சித்தி ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுப் போனாள். தரையில் வைக்கிற சாமானில் பெயர் வெட்டினால் மிதிக்கத்தான் செய்வார்கள்.

எங்கே வைப்பது என்று வரைபடத்தில் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. பாடகர் குழு எப்போதும் இடப்பக்கம், பெண்கள் வரிசைக்கு முன்னால். கீபோர்டில் என் மனைவி சுகிர்தம். கல்யாணமாகி வந்த வருஷம் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஆர்மோனியம் போய்க் கீபோர்டு வந்தது. அவள் இடம் மாறவில்லை.

சாயங்காலம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தட்டில் கொஞ்சம் சிந்திவிட்டது. மேசைக்கால் ஒன்று குட்டை. அட்டையை மடித்து அடியில் அண்டை கொடுத்தேன்.

ஜூன் 5, புதன்

டைல்ஸா கிரானைட்டா என்று கமிட்டி இன்னும் முடிவு செய்யவில்லை. கிரானைட் தடிமன் வேறு, டைல்ஸ் தடிமன் வேறு. முடிந்த தரையின் உயரம் தெரியாமல் பெட்டியை எந்த உயரத்தில் வைப்பது? மேலே நின்றால் தடுக்கும். கீழே போனால் கூட்டித் தள்ளுகிற தண்ணீரெல்லாம் உள்ளே இறங்கும். கரண்ட் இருக்கும் பெட்டி. எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். குருவானவர், "கோபப்படாதீங்க அண்ணாச்சி, ஜெபிப்போம்" என்றார். ஜெபித்தோம். அப்புறமும் முடிவாகவில்லை.

ஜூன் 6, வியாழன்

டைல்ஸ் என்று முடிவாகிவிட்டது. ஆனால் கூடவே இன்னொன்றும் முடிவாகியிருக்கிறது.

கமிட்டிச் செயலர் பால்துரை, சுகிர்தத்தின் அண்ணன். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை நடக்கும் இடத்துக்கு வந்து கம்பிகளைத் தாண்டித் தாண்டி என் பக்கத்தில் நின்றார்.

"மாப்ள, பெட்டி வலப்பக்கம் வரட்டும். கமிட்டியில பேசியாச்சு."

"அது ஆம்பிளையோ உக்கார்ற பக்கம்லா மச்சான்?"

"இனி வாலிபர்தான் பாட்டு நடத்தப் போறாவ. கிடாரு, டிரம்முன்னு சாமான் நெறய இருக்கு. அந்தப் பக்கம்தான் எடம் காணும்."

"கீபோர்டு?"

"நம்ம ஷைனி வாசிப்பா."

"அப்போ சுகிர்தம்?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். "தங்கச்சியும் எம்புட்டு வருஷமா வாசிக்கா. இனி கொஞ்சம் உக்காந்து பாடட்டுமே."

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெட்டி வைத்துவிடலாம், என் செலவில் வாங்குகிறேன் என்றேன். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "ரெண்டு பெட்டி இருந்தா ரெண்டு பாடகர் குழு வரும். ரெண்டு குழு வந்தா அடுத்த வருஷம் ரெண்டு சபை ஆயிரும். இந்தப் பக்கத்துல சபை ஒடஞ்ச கதை எல்லாம் இப்பிடித்தான மாப்ள."

அது உண்மைதான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஊரான் செய்தால் ஊரான் என்று விடலாம். கூடப்பிறந்த அண்ணன், தங்கையை வாசலில் நிறுத்துகிற மாதிரி நிறுத்துகிறார். ஷைனிக்குக் கட்டை எது சுரம் எது என்று சொல்லிக் கொடுத்ததே சுகிர்தம்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள்.

சாப்பிடும்போது அவளே கேட்டாள். "அண்ணன் வந்தாவளா?"

"வந்தாரு."

"என்னமும் சொன்னாவளா?"

"டைல்ஸ்னு முடிவாயிருக்கு."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் ரசம் ஊற்றினாள். ரசம் தட்டுக்கு வெளியே விழுந்தது. பேச்சுக் கவனத்தில் ஊற்றினால் அப்படித்தான்.

ஜூன் 9, ஞாயிறு

பழைய கோயில் ஆராதனையில் இரண்டாவது பாட்டில் கீபோர்டு ஒரு இடத்தில் பிசிறடித்தது. ஒரு சுரம் இரண்டு தடவை விழுகிறது. வீட்டுக்குத் தூக்கி வந்து கழற்றிப் பார்த்தேன். போன மாதமும் கழற்றியிருக்கிறேன். உள்ளே தூசிகூட இல்லை. கோளாறு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் கட்டைகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர்களைத் துடைத்து மாட்டினேன். இந்தச் சாமான்களே இப்போது சரியாக வருவதில்லை.

சுகிர்தம் கதவு நிலையில் சாய்ந்து நின்று நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11, செவ்வாய்

கம்பி கட்டி முடிந்தது. குழாய் போட்டேன். கரண்டுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று. இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் ஸ்பீக்கரில் வண்டு பறக்கிற சத்தம் வரும், குருவானவர் பிரசங்கம் முழுக்க அது கூடவே வரும். வளைவுகளை அகலமாக வைத்தேன். இடுக்கி வளைத்தால் நாளைக்கு வயர் நுழையாது.

வலப்பக்கம் குழாய் போட்ட கையோடு இடப்பக்கமும் இரண்டு போட்டேன்.

கொத்தனார் மேஸ்திரி இசக்கிமுத்து கம்பி மேல் குந்தி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் பார்க்கிற கண் அவருக்கு.

"அண்ணாச்சி, பெட்டி ஒண்ணுன்னுதான சொன்னிய? குழா ரெண்டு பக்கம் போவுது."

"ஸ்பேர்."

"ஸ்பேரா." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "கோயில் சண்டையில என்னைய இழுத்துராதிய. நான் எசக்கியம்மனக் கும்புடுதவன். எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

சண்டை எதுவும் இல்லை என்றேன். பிற்காலத்துக்கு உதவுமே என்றுதான் போட்டிருக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

பெட்டியை வலப்பக்கம் வைத்தாயிற்று. நூல் கட்டி, ரசமட்டம் பார்த்து, டைல்ஸ் உயரத்தையும் அதன் கீழே போடும் கலவையின் உயரத்தையும் கூட்டி, மூலைத் திருகுகளைத் திருகி மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். கட்டுக்கம்பியால் நாலு மூலையையும் கட்டினேன். கலவைப் பால் உள்ளே இறங்காமல் இருக்கப் பழைய பேப்பரைத் திணித்து, மூடிக்குப் பதிலாகப் பலகை வைத்து டேப் சுற்றினேன். பித்தளை மூடி குருவானவர் வீட்டு பீரோவில் இருக்கிறது.

மூன்று தடவை மட்டம் பார்த்தேன். வேண்டாத இடத்தில் இருந்தாலும் வேலை வேலைதான்.

சாயங்காலம் ஷைனி வந்திருந்தாள். அவளைக் கீபோர்டில் உட்கார வைத்துவிட்டு சுகிர்தம் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். முன்பெல்லாம் வாசித்துக் காட்டுவாள். இப்போது வாயால் பாடித்தான் காட்டுகிறாள். சொல்லிக்கொடுப்பதில் இது ஒரு முறை போலிருக்கிறது. பிள்ளைகளுக்குக் காது பழகும்.

புதுக் கோயில் பிரதிஷ்டைக்கு என்று ஆறு பாட்டுகளை ஷைனிக்கு வரிசையாகச் சொல்லிக் கொடுக்கிறாள். தன் இடத்தைப் பறிக்கப் போகிறவளுக்குத் தானே சொல்லிக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் செய்கிறாள். பார்க்க முடியாமல் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

நாளை கான்கிரீட். தேரிக்காட்டுச் செம்மணல் பக்கமிருந்து காற்று பேயாக அடிக்கிறது. இந்தக் காற்றில் மேல்தரை சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். சாக்குகளை நனைத்துத் தயாராக வைக்கச் சொன்னேன்.

ஜூன் 15, சனி

கான்கிரீட் போட்டாயிற்று.

காலையில் கலவை மெஷினுக்கு முன்னால் எல்லாரும் கூடினார்கள். கமிட்டி, பெண்கள் சங்கம், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், வேலையாட்கள். மேஸ்திரி தன் பங்குக்கு மெஷினுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். குருவானவர் கண்டுகொள்ளவில்லை. அவர் ஜெபம் ஆரம்பித்தார்.

எங்கள் குருவானவர் ஜெபம் எவ்வளவு நீளம் என்று இந்த வட்டாரத்துக்கே தெரியும். அஸ்திபாரம் போட்ட முன்னோர்களில் ஆரம்பித்து, வெளிநாட்டில் இருப்பவர்கள், நோயாளிகள், தேர்வு எழுதின பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக வருவார். நான் உள்ளே பெட்டியைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கப் போயிருந்தேன். அவர் வெளிநாட்டுக்கு வந்தபோது கட்டுக்கம்பிகளை வெட்டிவிட்டேன். நோயாளிகளுக்கு வந்தபோது குழாயை உருவி, வாயில் மூடி போட்டு டேப் சுற்றிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் வந்துவிட்டேன். மாட்டி, கட்டி, மட்டம் பார்த்தேன். எல்லாம் முழங்காலில் இருந்தபடிதான். யாராவது கண்ணைத் திறந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் நானும் உள்ளே முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

'ஆமென்' என்று சத்தம் கேட்டபோது ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றது. நானும் ஆமென் சொன்னேன்.

அப்புறம் கலவை வர ஆரம்பித்தது. மேஸ்திரி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெட்டியச் சுத்தி மெதுவாப் போடுங்கடே" என்று ஆட்களிடம் சொன்னார். அவ்வளவுதான்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் பிரியாணி. பால்துரை மச்சான் இலையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, பெட்டி இடப்பக்கம் இருக்கு."

"ஆமா."

"தங்கச்சி சொல்லிச் செஞ்சியளா?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க கமிட்டி விஷயம் எதையும் நான் அவ காதுல போடல."

அவர் பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். தோற்றவர்களுக்குச் சோறு இறங்காது. எனக்கு நன்றாக இறங்கியது, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

விஷயம் வேறு மாதிரிப் போய்விட்டது.

நேற்று யாரோ மேஸ்திரியிடம், பெட்டி எப்படி இடப்பக்கம் வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவர், "எனக்கென்ன தெரியும்? ஜெபத்துக்கு முன்னால அங்க இருந்துச்சு, ஜெபம் முடிஞ்சு உள்ள போறேன், இங்க இருக்கு" என்றிருக்கிறார். பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டவள் பெண்கள் சங்கத் தலைவி ரூபாவதி. விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஜெபத்தில் பெட்டி இடம் மாறியதாம். கர்த்தரே பாடகருக்கு இடம் காட்டினாராம்.

குருவானவர் பிரசங்கத்தில் அதை நேரடியாகச் சொல்லவில்லை. "சில காரியங்கள் மனுஷ தீர்மானத்துக்கு அப்பாற்பட்டவை" என்று மட்டும் சொன்னார். தன் ஜெபத்தில் நடந்ததல்லவா, முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது.

பால்துரை மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். ஏன் வாயைத் திறக்கவில்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

கான்கிரீட்டில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

சாயங்காலம் ரூபாவதியும் இன்னும் இரண்டு பெண்களும் வீட்டுக்கு வந்தார்கள். சுகிர்தத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பிரதிஷ்டை அன்னிக்கு நீங்கதான் வாசிக்கணும்னு கர்த்தரே சொல்லிட்டாரு அக்கா. பிஷப் ஐயா முன்னால முதப் பாட்டு உங்க கையிலதான்" என்றார்கள். சுகிர்தம் சிரித்தாள். வலது கையை உருவிச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். காப்பி போட உள்ளே போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. நான் போய்த் தம்ளர்களைத் தூக்கி வந்து கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு நான் சந்தோஷமாக ஏதோ சொன்னேன். அவள் தலைவலி என்று படுத்துவிட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். சுகிர்தம் வந்து நின்றாள்.

"பெட்டிய மாத்துனது நீங்கதான?"

ஆமாம் என்றேன். அவளுடைய அண்ணன் செய்த துரோகத்தையும் நான் அதை முறியடித்ததையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் பாராட்டவில்லை. கீபோர்டை ஆன் செய்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது கையைக் கட்டைகளின் மேல் வைத்தாள். வாசிக்கவில்லை, சும்மா வைத்தாள். ஒரே சுரம் திரும்பத் திரும்பக் கேட்டது. அவள் அழுத்தவில்லை. கை தானாக ஆடியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கேட்டுச்சா?" என்றாள். "இதைத்தான் ரெண்டு தடவ கழத்தித் தொடச்சிய."

சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு நான் உட்கார்ந்தேன்.

"நான்தான் அண்ணன்ட்ட போய்ச் சொன்னேன். புதுக் கோயில்ல பெட்டிய அந்தப் பக்கம் வையுங்க, ஷைனி வாசிக்கட்டும்னு. எடம் மாறுது, ஆளும் மாறுதுன்னு போயிரும். என்ன ஏதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ. ஜனங்களுக்கு முன்னால தப்பா வாசிச்சு எறக்கிவிடதுக்கு முந்தி நானா எறங்கிக்கிடுதேன்னு நெனச்சேன். இப்போ கர்த்தரே சொல்லிட்டாருங்காவ. வாசிக்க மாட்டேன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

"என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றேன்.

"சொல்லி? நீங்க மேசைக்கு அட்டை மடிச்சு வப்பிய."

கீபோர்டை அணைத்துவிட்டு எழுந்தாள். "அண்ணன் ஒரு தடவையில புரிஞ்சிக்கிட்டாவ. நீங்க எங்கூட ஒரே வீட்டுல இருக்கிய" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே குறைவு. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூன் 19, புதன்

வேலைக்குப் போகவில்லை.

ஜூன் 20, வியாழன்

கமிட்டியைக் கூட்டச் சொல்லிப் போய் நின்றேன். பெட்டியை மாற்றியது நான்தான், ஜெபம் நடந்த நேரத்தில் மாற்றினேன் என்று சொன்னேன்.

குருவானவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ரூபாவதி, "ஜெபத்துல கண்ணத் தொறந்தா இருந்திய?" என்றாள். ஆமாம் என்றேன். இதைவிடப் பெரிய பாவத்தைக்கூட மன்னித்திருப்பாள்.

ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். உண்மையான காரணத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "எம் பெஞ்சாதி முன்னால இருக்கணும்னு எனக்கொரு அகம்பாவம். அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான் கேக்கல" என்றேன். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளில் பொய் இல்லை.

வலப்பக்கம் கொத்தி என் செலவில் வேறு பெட்டி வைக்க வேண்டும், இடப்பக்கத்துப் பெட்டியைக் கலவை போட்டு அடைக்க வேண்டும் என்று முடிவானது. இனிமேல் கோயில் எலக்ட்ரிக் வேலைக்கு வேறு ஆள். நியாயம்தான். குறிப்புப் புத்தகத்தில் தீர்மானம் எழுதும்போது பால்துரை மச்சான் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தார்.

வெளியே வந்து என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். "அவ யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா மாப்ள. உங்ககிட்டயாவது சொல்லிருப்பான்னு நெனச்சேன்."

"என்ட்டதான் சொல்ல முடியாது மச்சான்" என்றேன்.

ஜூன் 22, சனி

கொத்தினேன். இளம் கான்கிரீட்தான், ஆனாலும் மேஸ்திரி நன்றாகப் போட்டிருக்கிறார், லேசில் விடவில்லை. குழாயின் வாய் எங்கே புதைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். போட்ட மூடி அப்படியே இருந்தது, உள்ளே ஈரமில்லை. புதுப் பெட்டியை உட்கார வைத்து மட்டம் பார்த்தேன்.

அப்புறம் இடப்பக்கம் வந்தேன். பலகையைக் கழற்றி, திணித்த பேப்பரை எடுத்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. நான் வைத்த பெட்டிகளிலேயே இதுதான் நல்ல பெட்டி. கலவையை அள்ளிப் போட்டுக் கரண்டியால் அழுத்தினேன். மூலைகளில் அழுத்தும்போது அழுகை வந்துவிட்டது. அழுதேன். மேஸ்திரி தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது.

திரும்பி வந்து, "வீட்ல அக்காவுக்குச் சொகமில்லையா அண்ணாச்சி?" என்றார்.

"ஆமா" என்றேன். முதல் தடவையாக வெளி ஆளிடம் சொன்னேன்.

ஜூன் 25, செவ்வாய்

திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் போனோம். நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், விரலை விரலால் தொடச் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார். குணமாகாது, மாத்திரையில் கொஞ்சம் கட்டுக்குள் நிற்கும் என்றார். எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டார். சுகிர்தம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன கிறிஸ்துமஸ்லேருந்து" என்று நான் சொன்னேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சுகிர்தம், "அப்போ தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். பஸ் வந்தது. ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். ஊர் வரும்வரை அவளுடைய வலது கை என் கைக்குள் இருந்தது. அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்டதாக மேஸ்திரி சொன்னார். வலப்பக்கத்துப் பெட்டி தரையோடு தரையாக இருக்கிறதாம். அதே பித்தளை மூடிதான், கனகசுந்தரத்தின் தாயார் பெயர் பீடத்தைப் பார்த்து இருக்கிறது. சித்தி இன்னும் சண்டை போடுகிறாள்.

ஜூலை 20, சனி

ஷைனி தினமும் வருகிறாள். அவளிடம் சுகிர்தமே கை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். பிள்ளை அழுதது. அழுது முடித்ததும், "நாலாவது பாட்டுல எடது கை வேகமாப் போவுது, ஒழுங்கா வாசி" என்று சுகிர்தம் அதட்டினாள். மாத்திரை கொஞ்சம் கேட்கிறது. காப்பியை நான் போடுகிறேன். நன்றாக இல்லை என்று தினமும் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பிரதிஷ்டை.

பிஷப் வந்து கதவைத் திறந்தார். நல்ல கூட்டம். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். நான் பின்வரிசையில் இருந்தேன். என்னைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெபத்தின்போது இரண்டு பையன்கள் என் கண் மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியும். அதாவது நானும் திறந்துதான் வைத்திருந்தேன்.

சுகிர்தம் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கோயிலில் அவள் முதுகைப் பார்த்ததில்லை, எப்போதும் முன்னால் பக்கவாட்டில்தான் இருப்பாள்.

முதல் பாட்டு. எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஷைனி ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்தது, எங்கேயும் பிசிறில்லை. சுகிர்தம் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். புத்தகம் ஆடியது. இடது கையையும் சேர்த்துப் பிடித்தாள். அப்படியும் ஆடியது. பக்கத்தில் இருந்த ரூபாவதி புத்தகத்தைப் பார்த்தாள், சுகிர்தத்தின் முகத்தைப் பார்த்தாள். சுகிர்தம் புத்தகத்தை மூடப் போனாள்.

நான் எழுந்து நடைபாதையைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போனேன். எங்கள் கோயிலில் கல்யாண மாப்பிள்ளைகூட அந்தப் பக்கம் போய் நின்றதில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிஷப்பும் பார்த்தார். பால்துரை மச்சான் பாட்டை நிறுத்திவிட்டு, பிறகு முன்னைவிடச் சத்தமாகப் பாட ஆரம்பித்தார்.

"இங்க எதுக்கு வந்திய, போங்க" என்றாள் சுகிர்தம், உதட்டை அசைக்காமல்.

"நீ பாடு" என்றேன்.

அவள் பாடினாள். எனக்குப் பாட்டு வராது. புத்தகத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.